அழுகை நின்ற இடம்

தொண்டைமானாற்றில் அம்மாவின் வீட்டு முன்விறாந்தையில், சந்நிதி வேலின் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்ட இன்னொரு படமும் தொங்குகிறது. வெள்ளை வெளேரென்று உறைந்த ஓர் ஏரி. நடுவில் நான். என் முதுகில், பிள்ளை தூக்கும் பையில், இரண்டரை வயது மகன். என் கையைப் பிடித்தபடி ஏழு வயது மகள். மூவரும் சிரிக்கிறோம். ஆவணியில் சந்நிதித் திருவிழாவுக்கு வந்து திண்ணையில் குந்தும் ஒவ்வொருவருக்கும் அம்மா அதைக் காட்டுவார். "என்ர பெடியன் பிள்ளையளை ஐஸ் மலையில ஏத்தினவன்."

நான் மறுத்துச் சொன்னதில்லை. ஐந்து வருடமாகச் சொன்னதில்லை.

அந்தப் படம் எடுத்தபோது ஒஸ்லோவின் மெற்றோவை விட்டு இறங்கி இருபது நிமிடம் ஆகியிருக்கும். நின்றது மலையில் அல்ல, கடைசித் தரிப்பிடத்துக்குப் பக்கத்திலுள்ள சொங்ஸ்வான் ஏரியில். அதற்குப் பிறகு நடந்ததற்குப் படம் இல்லை. அதை எழுதி வைக்கத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் வேலிக் கதியால் இலையில் நிற்கும் ஈரம். வெப்பமானி 22 பாகைக்கு இறங்கினாலே ஊர் துவாயைத் தலையில் சுற்றிக்கொள்ளும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று கிழவிகள் சொல்வார்கள். திருவெம்பாவைக் காலத்தில் விடியற்காலையில் கோயிலுக்குப் போகும்போது அம்மா என்னைப் படலையில் மறித்து, புறங்கையைக் கழுத்தின் பின்புறம் வைத்துப் பார்ப்பார். பிறகு சேலைத் தலைப்பால் என் காதை மூடுவார். பெடியள் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு அவமானமாக இருக்கும்.

நோர்வேக்கு வந்தபோது அங்கே விழுவதற்கும் நாங்கள் பனி என்றே பெயர் வைத்திருந்தோம். இலையில் நிற்கும் ஈரத்துக்கும் விரலைத் தின்னும் வெள்ளைக்கும் ஒரே சொல். சொல் ஒன்றுதானே, பொருளும் கொஞ்சம் கூடக்குறைய ஒன்றுதான் என்று என் மனதின் ஒரு மூலை நம்பிக்கொண்டே இருந்திருக்கிறது. துவாயும் சேலைத் தலைப்பும் அம்மாவின் பயம், நான் அதைத் தாண்டி வந்தவன் என்கிற எண்ணம் மறு மூலையில்.

எச்சரிக்கை கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. குருநகரிலிருந்து அன்ரனி இராஜேந்திரம் 1956இல் நோர்வே போய்ச் சேர்ந்த கதையைச் சொல்லிச் சொல்லியே எங்கள் ஆட்கள் அந்த நாட்டைப் பழகிக்கொண்டார்கள். எண்பதுகளில் போனவர்களில் பலர் வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலைகளில் நின்றார்கள். என் சித்தப்பாவும் அவர்களில் ஒருவர். காலை முதல் மாலை வரை ஈரமான கையோடு கொட் மீன் வெட்டியவர். பிள்ளைகள் பிறந்தபோது தொலைபேசியில் ஒன்றுதான் சொன்னார்: "தம்பி, குளிர் சொல்லிப்போட்டு வராது. நோகிற வரைக்கும் பயமில்லை. நோவு நிண்டாத்தான் பயப்படவேணும்." நான் ஓம் ஓம் என்றேன். பழைய ஆட்கள் எல்லாவற்றையும் பெருப்பித்துச் சொல்வார்கள் என்று நினைத்தேன்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் மதியச் சாப்பாட்டு மேசையில் என் வேலையிடத்தில் ஒரு கேள்வி சுற்றி வரும்: ஞாயிறு எங்கே நடந்தீர்கள்? நோர்வேக்காரருக்கு ஞாயிறு நடை ஒரு வழிபாடு. கோடையென்றும் குளிரென்றும் இல்லை. கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வெளியே தூங்க விடுவார்கள். பாலர் பாடசாலைப் பிள்ளைகள் உறைபனியிலும் மணிக்கணக்கில் முற்றத்தில் விளையாடும். கெட்ட வானிலை என்று ஒன்று இல்லை, கெட்ட உடுப்புத்தான் உண்டு என்பது அவர்களின் பழமொழி. நான் மட்டும் ஒவ்வொரு திங்களும் "வீட்டில்தான் இருந்தோம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைப் பார்ப்பேன். ஒருவரும் பழிக்கவில்லை. அந்தக் கணத்து அமைதியை நானே பழிப்பாக மாற்றி வீட்டுக்குக் கொண்டுபோவேன்.

ஆகவே ஜனவரி மாதத்து ஒரு ஞாயிறு, நூர்மார்க்காக் காட்டுக்குள் உல்லெவோல்சேத்தர் வரை நடப்பது என்று முடிவெடுத்தேன். ஏரியிலிருந்து ஒருவழி ஐந்தரைக் கிலோமீற்றர், ஏற்றம். அங்கே ஒரு பழைய பண்ணை வீட்டில் கோப்பி கிடைக்கும். குடும்பங்கள் போகும் பாதைதான். ஆனால் போகும் குடும்பங்கள் காலையிலேயே கிளம்பும், பிள்ளையைச் சறுக்குவண்டியில் கம்பளித்தோலுக்குள் பொதிந்து இழுத்துப் போகும். நான் வாடகைக்கு எடுத்த பிள்ளைப் பையோடு, நண்பகல் பன்னிரண்டரைக்குத்தான் இறங்கினேன். அந்த மாதத்தில் நாலு மணியளவிலேயே சூரியன் போய்விடும் என்பது எனக்குத் தெரியும்.

அன்று காலை மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள்: "எத்தினை பாகையாம்?" கைபேசியில் மைனஸ் 16 என்று இருந்தது. "எட்டு" என்றேன். மைனஸ் எட்டு. பாதியாகக் குறைத்தேன். ஏன் என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால், அவள் வீணாகப் பயப்படுவாள் என்று சொல்லியிருப்பேன். உண்மையில், அவள் வேண்டாம் என்று சொல்ல இடம் வைக்க விரும்பவில்லை.

அந்த எண்ணும்கூட நகரத்தின் எண்தான். காற்றில்லாத தெளிந்த குளிர் நாளில், கனத்த குளிர்காற்று தண்ணீரைப் போலப் பள்ளத்தில் போய்த் தேங்கும். மேட்டைவிட ஏரிக்கரை உறைந்து கிடக்கும். ஏரியின் நடுவில் லேசாகக் காற்று வீசினால் கணக்கு இன்னும் மாறும். மைனஸ் 15இல் மணிக்கு 20 கிலோமீற்றர் காற்று அடித்தால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 24 போல இருக்கும் என்று அட்டவணை சொல்கிறது. அந்த ஏரியின் நடுவில்தான், பின்னணி நன்றாக இருக்கும் என்று கையுறையைக் கழற்றச் சொல்லி, பிள்ளைகளைச் சிரிக்க வைத்துப் படம் எடுத்தேன்.

மகன் முதல் அரை மணி நேரம் கதைத்துக்கொண்டே வந்தான். நாய் கண்டால் நாய், மரம் கண்டால் மரம். பிறகு சிணுங்கத் தொடங்கினான். பிறகு அழுதான். அவனுக்கு நான் உடுத்திய விதத்தை இப்போது நினைத்தால் என் கை கூசுகிறது. மேலே தடித்த பனி உடுப்பு, உள்ளே பருத்திப் பெனியன். பருத்தி ஈரத்தைக் குடித்துத் தோலோடு ஒட்டிக்கொள்ளும், சூட்டை விடாமல் உறிஞ்சும். கம்பளிதான் ஈரமானாலும் சூடு காக்கும். வீட்டில் கம்பளி உள்ளுடுப்பு இருந்தது. அது கடிக்கும் என்று அவன் அழுதான், எனக்கு நேரமில்லை. கால் குளிரும் என்று இரண்டு சோடி மேசு போட்டுச் சப்பாத்தைத் திணித்தேன். இறுக்கமான சப்பாத்துக்குள் காற்றும் இல்லை, இரத்த ஓட்டமும் இல்லை. இரண்டாவது சோடி அவனைச் சூடாக்கவில்லை, நெரித்தது.

எனக்கோ வேர்த்தது. பதினாலு கிலோவைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன், உடம்பு அடுப்பாக எரிகிறது. ஜக்கற்றின் கொழுவியைத் திறந்து விட்டேன். எனக்குச் சுடுகிறது என்றால் அவனுக்கும் சுடும் என்பது என் கணக்கு. முதுகில் இருப்பவன் ஒரு அடியும் நடக்கவில்லை என்பதும், நடக்காத உடம்பு சூடு பிறப்பிக்காது என்பதும், சின்ன உடம்புக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம், ஆதலால் சூடு விரைவாகக் கசியும் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. பாலர் பாடசாலைக் கூட்டத்தில் சொன்னார்கள், கடதாசியிலும் தந்தார்கள். தெரிந்ததை நான் நடக்கும்போது கூடக் கொண்டுபோகவில்லை.

மகள் முதல் தரம் சொன்னது முதல் ஏற்றத்தில். "அப்பா, திரும்புவம்." நான் கேட்காதது போல நடந்தேன். இரண்டாம் தரம் கொஞ்சம் உரத்து. நான் நின்று, குனிந்து, அவளுக்கு எங்கள் ஊர்க் கதை சொன்னேன். தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954இல் வல்வெட்டித்துறையில் கடலில் இறங்கி, 27 மணித்தியாலம் நீந்தி, பாக்கு நீரிணையைக் கடந்து கோடிக்கரையில் ஏறிய கதை. "அந்த மனுசன்ர ஊர்ப் பிள்ளை நீ. இது கொஞ்சத் தூரம்தானே."

அவள் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அவருக்குக் குளிரினதோ?"

பதில் என்னிடம் இல்லை. எங்கள் கடல் பங்குனியில் வெதுவெதுப்பாக இருக்கும். வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971இல் அதே நீரிணையைப் போய்த் திரும்பி நீந்தினார், ஊர் கொண்டாடியது. அதே ஆனந்தன் 1984 ஆகஸ்ட்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க இறங்கியவர் உயிரோடு திரும்பவில்லை. ஆகஸ்ட்டிலும் அந்தக் கால்வாயின் நீர் 16, 17 பாகையைச் சுற்றித்தான் நிற்கும். சின்ன வயதில் அந்தச் செய்தி வந்த நாள் ஊர் அழுததை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் பிள்ளையை ஊக்கப்படுத்த நான் எடுத்தது முதல் கதையை மட்டும்தான். இரண்டாவது கதையை நடுக்காட்டில் நின்று நினைக்கவே இல்லை. நினைக்க விடவில்லை என்பதுதான் சரி. அவர்கள் இருவரும் தங்கள் உடம்பைத் தாங்களே தண்ணீரில் இறக்கினார்கள். நான் இறக்கியது பிறர் உடம்பை, அதுவும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஒருவனுடையதை.

மூன்றாம் தரம் அவள் சொன்னபோது நான் கோபப்பட்டேன். எங்களை முந்திக்கொண்டு ஒரு நோர்வேக் குடும்பம் சறுக்கிப் போனது. அவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்து வணக்கம் சொன்னார்கள். அவர்கள் கண்ணெதிரில் திரும்பி நடப்பது எனக்கு முடியாததாக இருந்தது. அதுதான் காரணம். வேறு காரணம் எதுவும் இல்லை.

இதில் ஒரு சிரிப்பு உண்டு. மொழி வகுப்பில் நோர்வேயின் ஒன்பது மலை விதிகளையும் நான் மனப்பாடம் செய்தவன். 1967 ஈஸ்டர் விடுமுறையில் 18 பேர் மலைகளில் இறந்த பிறகு, செஞ்சிலுவைச் சங்கமும் நாட்டின் நடைச் சங்கமும் பரப்பிய விதிகள் அவை. 2016இல் திருத்தி எழுதினார்கள், எட்டாவதன் சாரம் அப்படியே நின்றது: நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கம் ஏதுமில்லை. பரீட்சையில் அதை எழுதி முழுப் புள்ளி வாங்கினேன். வெட்கம் என்ற சொல்லை ஒரு நாட்டின் மலை விதியிலேயே ஏன் எழுதி வைத்தார்கள் என்று ஒரு நாளும் கேட்டுப் பார்க்கவில்லை. என்னைப் போன்றவர்கள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு வளைவில் மகனின் அழுகை நின்றது.

இதைத்தான் நான் ஐந்து வருடமாக யாருக்கும் சொல்லவில்லை. அழுகை நின்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. "பாத்தியே, தம்பி பழகிட்டான்" என்று மகளிடம் சொன்னேன். காடு அமைதியாக இருந்தது, பனியில் என் சப்பாத்து நொறுக்கு நொறுக்கென்று சத்தம் போட்டது. கோப்பியை நினைத்தேன். திங்கட்கிழமை மேசையில் எப்படித் தொடங்குவது என்று நினைத்தேன். சித்தப்பா சொன்ன ஒரேயொரு வரி, நோவு நின்றால்தான் பயப்படவேண்டும் என்ற வரி, என் தலைக்குள் எங்கோ இருந்தது. நான் அதைத் தட்டி எழுப்பவில்லை.

எதிரே ஓர் அறுபது வயதுப் பெண் சறுக்கிக்கொண்டு இறங்கி வந்தார். எங்களைக் கடந்து போனவர் நின்றார், திரும்பினார். என்னிடம் ஒன்றும் கேட்காமல் கையுறையைக் கழற்றி, இரண்டு விரலை மகனின் கழுத்துக்குப் பின்னால் உடுப்புக்குள் விட்டார். பிறகு கேட்டார்: "இவன் கடைசியாக எப்போது கதைத்தான்?"

எனக்குத் தெரியவில்லை. மகள் சொன்னாள்: "பாலம் தாண்டேக்க." பாலத்தைத் தாண்டி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

பையை இறக்கினோம். அவன் விழித்திருந்தான், ஆனால் கண் என் முகத்தில் நிற்கவில்லை. கன்னத்தில் ஐந்து ரூபாய்க் குற்றியளவு ஒரு இடம் மெழுகு பூசியது போல வெளுத்திருந்தது. நான் அதைத் தேய்க்கப் போனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். தேய்க்கக் கூடாது, பனியால் தேய்ப்பது அதைவிட மோசம், உறைந்த தோல் கிழியும். வெறும் உள்ளங்கையை அசைக்காமல் அதன்மேல் வைக்கச் சொன்னார். பம்பஸ் நனைந்து, ஈரம் களிசான் வரை இறங்கியிருந்தது. அதைக் கழற்றி, அவருடைய பையிலிருந்த கம்பளி மேலாடையால் அவன் இடுப்பைச் சுற்றினார். என் ஜக்கற்றையும் சேட்டையும் திறக்கச் சொன்னார். மகனை நெஞ்சோடு அணைத்து, கொழுவியை மேலே இழுத்து மூடினார். அவனுடைய வெறும் கால் இரண்டும் என் வயிற்றில் பட்டன.

தொண்டைமானாற்றுக் கரையில் வளர்ந்தவனுக்கு அந்தக் குளிர்ச்சி தெரியும். ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு மீன் எடுக்கும்போது கைக்கு வரும் குளிர்ச்சி அது. அதற்குமேல் எழுத முடியவில்லை.

வெதுவெதுப்பான சொக்லற் பால் அவர் போத்தலில் இருந்தது. மகன் சிறிது சிறிதாகக் குடித்தான். கொஞ்ச நேரத்தில் நடுங்கத் தொடங்கினான். "நல்லது" என்றார் அவர், "உடம்பு சண்டை பிடிக்கிறது." பிறகு அழுதான், வீறிட்டு, காடு அதிர. அந்த அழுகையைப் போல ஒரு நாதத்தை நான் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை.

அவர் எங்களோடு ஏரி வரை வந்தார். மகள் என் கையைப் பிடிக்கவில்லை, அவருடைய சறுக்குத்தடியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவசர சிகிச்சை நிலையத்தில் பார்த்தார்கள். விரல்கள் தப்பின, கன்னம் சில நாள் சிவந்து உரிந்து ஆறியது. வைத்தியர் என்னைக் குறை சொல்லவில்லை. அது தண்டனையை விடக் கடினமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகள் தாயிடம் சொன்னதை அடுத்த அறையிலிருந்து கேட்டேன். "நான் திரும்புவம் எண்டு சொன்னனான் அம்மா. அப்பாவுக்குக் கேக்கேல்ல." கேட்டது. மூன்று தரமும் நன்றாகக் கேட்டது. அந்தப் பிள்ளை எனக்காக ஒரு பொய்யைத் தயாரித்து வைத்திருந்தாள். நான் அதற்குள் புகுந்து ஐந்து வருடம் குடியிருந்தேன்.

அன்றிரவே அந்த ஏரிப் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டேன். யாரோ பாராட்டினார்கள், யாரோ பருத்தித்துறையில் கழுவி அம்மாவுக்குக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை மேசையிலும் சொன்னேன், ஏரி வரைக்குமான பகுதியை.

இன்றைக்கும் குளிர் காலத்தில் பிள்ளைகளோடு வெளியே போகிறோம். காலையில் போகிறோம், மூன்று கிலோமீற்றருக்குள். தோலோடு கம்பளி, சப்பாத்துக்குள் விரல் ஆட இடம். சின்னவனைச் சுமப்பதில்லை, நடக்க விடுகிறேன். நடக்க மாட்டான் என்றால் அதுதான் எங்கள் எல்லை. அரை மணிக்கொரு தரம் கழுத்தின் பின்புறம் கை வைத்துப் பார்க்கிறேன். பிள்ளை சண்டை பிடித்தால் சந்தோசப்படுகிறேன். பேச்சு நின்றால் நானும் நிற்கிறேன். சொல்லிப் பார்த்தால் இது ஒன்றும் பெரிய அறிவு இல்லை.

இந்த முறை திருவிழாவுக்கு நானும் பிள்ளைகளும்தான் வந்தோம். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. தேருக்கு முதல் நாள் இரவு ஆற்றுப் பாலத்தடியில் நின்று அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். மைனஸ் எட்டு இல்லை, மைனஸ் பதினாறு என்றேன். கோயில் பக்கமிருந்து காவடிப் பறை கேட்டுக்கொண்டிருந்தது.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். "என்ர போனிலயும் காட்டுந்தானே."

"பிறகேன் விட்டனீர்?"

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "ஏலாட்டித் திரும்பி வருவியள் எண்டு நினைச்சன்."

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கும் சொன்னேன். விறாந்தையில், அந்தப் படத்துக்குக் கீழே, பாயில் இருந்து முழுவதும் சொன்னேன். படத்தைக் கழற்றச் சொல்வார் என்று நினைத்தேன். ஏசுவார் என்று நினைத்தேன். அம்மா குறுக்கே ஒன்றுமே கேட்கவில்லை. நான் முடித்ததும் கையை ஊன்றி எழும்பினார். உள்ளே மின்விசிறிக்குக் கீழே, வேர்வையில் தலைமயிர் நெற்றியோடு ஒட்ட, சின்னவன் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ஏழரை வயது. ஆவணிப் புழுக்கம். அம்மா அவனருகே குந்தி, புறங்கையை அவன் கழுத்தின் பின்புறம் வைத்தார். எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.